தண்ணீரில் வைத்த கல்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஸ்பிரிங் செய்கிற பட்டறை ஒன்றின் மாடியில் ஷாகிதாவின் ஆபீஸ். கீழே பிரஸ் ஓடினால் மேலே டீ கிளாஸ் மேசையில் தானாக நகரும். அந்த நடுக்கத்துக்கு நடுவே உட்கார்ந்து, தரைக்குள் சத்தம் எப்படி ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் மாதிரி கட்டுவதுதான் அவள் வேலை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது வாயைக் கிளறினால், "பாறையைக் கட்டிக்கினேன், அதுவே போதும்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள்.

வேலையில் மாயமொன்றும் கிடையாது. தரையில் ஓர் இரும்புத் தட்டை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். கொஞ்ச தூரத்துக்கு வரிசையாகக் குத்தி வைத்திருக்கும் கருவிகள் அந்தச் சத்தம் வந்து சேர்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும். கெட்டியான தரையில் சத்தம் விறுவிறுவென்று வரும். தொளதொளத்த தரையில் இழுத்துக்கொண்டு வரும். பிறகு ஷாகிதா உட்கார்ந்து, இந்த வேகம் வரவேண்டுமானால் கீழே மணல் எத்தனை பங்கு, களிமண் எத்தனை பங்கு, ஈரம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று கட்டிப் பார்ப்பாள். கட்டின மாதிரி அளவோடு ஒத்துப்போனால் ரிப்போர்ட்டில் கையெழுத்து.

அந்தக் கார்த்திகை மாதத்துக் காலையில் முதலாளி ராஜசேகரன் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். சென்னீர்குப்பத்தில் கிடங்குக்காகத் தோண்டிய பள்ளத்திலிருந்து புது அளவு வந்திருந்தது.

"பாத்தீங்களா ஷாகிதா? ஒரு வாரமா அடிச்சு ஊத்துது, ஆனா வேகம் கோடையில இருந்ததைவிட ஏறியிருக்கு. தரை இறுகுது. உங்க மாதிரி பலே."

அவள் திரையைப் பார்த்தாள். ஏறித்தான் இருந்தது. பாராட்டை வாங்கிக்கொண்டு இன்னொரு டீ குடித்திருக்கலாம். ஆனால் அவள் அந்த எண்களைத் திரும்பவும் பார்த்தாள். மழையில் நனைந்து ஊறிக் கிடக்கிற தரை எந்தக் காரணத்துக்காக இறுகும்?

காரணம் இல்லாத நல்ல செய்தியை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. இந்தச் செய்தியை நம்பாமல் இருக்க இன்னொரு காரணமும் இருந்தது. அந்தப் பள்ளத்தின் உதட்டில் ஒரே ஒரு வீடு பாக்கி நின்றது. அது அவள் அண்ணன் வீடு.

அண்ணன் உஸ்மான் கனி நெடுஞ்சாலை ஓரத்தில் லாரித் தார்ப்பாய் தைக்கிற கடை வைத்திருந்தவர். அத்தா, அவர்கள் தகப்பனார், போனபிறகு தார்ப்பாய் தைத்தே தங்கையை எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்தார். அவள் என்ன படிக்கிறாள் என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கடைக்கு வரும் லாரி டிரைவர்களிடம், "என் தங்கச்சி பூமிக்கு ஸ்கேன் எடுக்குது" என்று மட்டும் சொல்லிக்கொள்வார். அதைச் சொல்லும்போது மெஷினை நிறுத்திவிட்டுச் சொல்வார்.

போன கோடையில், குளிர்சாதனக் கிடங்கு கட்டப்போகிற கம்பெனி ஒன்று அந்தத் தெருவை வளைத்துப் போட்டது. தரைக்குக் கீழேயும் இரண்டு தளம் வேண்டுமாம், அதற்காகக் கிணறு கணக்காகத் தோண்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போனார்கள். பள்ளத்தின் சுவர் தாங்குமா என்று பார்க்கிற வேலை ஷாகிதாவின் ஆபீசுக்கே வந்தது. அண்ணன் அன்று அவளிடம் நேராகக் கேட்டார்.

"இன்னாமா சொல்ற? விக்கவா, இருக்கவா?"

"கல்லுண்ணே. மணல் கல்லு, கொஞ்சம் களிமண் கலந்துகீது. ஆனா வேகம் நல்லா வருது. நீங்க பாட்டுக்கு இருங்க."

அவர் அதோடு விட்டுவிட்டார். வேறு யாரையும் கேட்கவில்லை. துளை போட்டு எடுத்த கல்லில் ஒரு துண்டை அவள் அண்ணனுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். முழங்கை நீளத்துக்கு உருளையான, வெளிர்மஞ்சள் கல். "உங்க ஊட்டுக்கு அடியில கீறது இதான்" என்றாள். மனிதருக்கு அப்படிப் பெருமை. அதைக் கூடத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்துக்கொண்டார். வருகிறவர் போகிறவரெல்லாம் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும்.

பள்ளத்தின் சுவர் மழையில் நனையாமலிருக்க அவரே தார்ப்பாய் தைத்துக் கட்டினார். சாயங்காலத்தில் போய்க் கயிற்றை இழுத்து இறுக்கிவிட்டு வருவார். ஐப்பசியில் ஒருநாள் கடையில் மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அதற்குப்பின் கயிற்றை இறுக்க ஆளில்லை. அடுத்து வந்த காற்று தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போய் நெடுஞ்சாலையில் போட்டது. சுவர் திறந்துகிடந்து மழையைக் குடித்தது.

அண்ணி ஜரினா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் போனபின் நாலு மாதம் பத்து நாள் அவன் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கிற முறை அது. மகன் முதஸ்ஸிருக்குத் துபாயில் வேலை. அடக்கத்துக்கு வந்து லீவு முடிந்து திரும்பிவிட்டான். அதனால் பூந்தமல்லியில் தனியாக வாடகைக்கு இருந்த ஷாகிதா, துணைக்குப் படுக்க அண்ணி வீட்டுக்கே வந்துகொண்டிருந்தாள். பாயில் படுத்தால் பள்ளத்துத் தண்ணீரை இறைக்கிற மோட்டாரின் துடிப்பு தரை வழியாகக் காதுக்குள் வரும். முதலில் கணீரென்று கேட்டது. நாளாக ஆக அது மங்கியது. பழகிப்போன காது என்று நினைத்துக்கொண்டாள். இன்று காலையில் சமையலறைக் கதவு தாழ்ப்பாளில் சேரவில்லை. மழைக்காலத்தில் எந்த வீட்டில்தான் கதவு ஊதவில்லை என்று அதையும் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தாள்.

இப்போது அந்த இரண்டும் சேர்ந்து வந்து முன்னால் உட்கார்ந்தன.

சத்தம் தரைக்குள் இரண்டு விதமாகப் போகும். ஒன்று, நெரிசலில் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளுகிற மாதிரி முன்னே தள்ளிக்கொண்டு ஓடும். இன்னொன்று பக்கவாட்டில் நெளிந்து நெளிந்து, பின்தங்கி வரும். தள்ளிக்கொண்டு ஓடுகிறதற்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. காற்று அடைத்திருந்த பொத்தல்களில் தண்ணீர் நிறைந்தால் அதற்கு இன்னும் வசதி, வேகமாகவே ஓடும். நெளிந்து வருகிறதற்குத் தண்ணீரில் கால் பாவாது. மணலும் மணலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் அது நகரும். ராஜசேகரன் ஆபீசில் காலங்காலமாக முதலாவதை மட்டுமே பார்ப்பார்கள். பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லில் பிழைத்த ஆபீஸ் அது. கருங்கல்லுக்கு அது போதும். கருங்கல் நனைந்தாலும் காய்ந்தாலும் கருங்கல்தான். அந்தப் பழக்கத்தில் சென்னீர்குப்பம் கல்லையும் அடுப்பில் காயவைத்துத்தான் சோதித்தார்கள். ஷாகிதாவும் அந்தப் பழக்கத்தோடு போனவள்தான்.

அவள் இன்று வந்த பதிவைத் திறந்து, யாரும் பார்க்காமல் தள்ளிவிடுகிற பின்பகுதியைத் தேடினாள். நெளிந்து வரும் அலை அங்கே இருந்தது. கோடையில் வந்ததில் பாதி வேகம்கூட இல்லை. செத்தவன் நடப்பதுபோல வந்தது.

கோடையில் கட்டின மாதிரியில் களிமண்ணை மணலுக்கு இடையிலிருக்கும் பொத்தல்களில் உட்காரவைத்திருந்தாள். அங்கே இருந்தால் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகும், கல்லை ஒன்றும் செய்யாது. இப்போது அதே களிமண்ணை எடுத்து, மணலும் மணலும் தொடுகிற இடத்தில் பசையாக வைத்துப் பார்த்தாள். பொரி உருண்டையில் வெல்லம் இருக்கிற மாதிரி. தண்ணீரைச் சேர்த்தாள். இரண்டு அலைகளின் கோடுகளும் இன்றைய பதிவின்மேல் அச்சு மாறாமல் போய் உட்கார்ந்தன. இவ்வளவு அழகாக எந்த மாதிரியும் அவளுக்கு ஒத்துப்போனதில்லை.

ராஜசேகரன் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாம குடுத்த ரிப்போர்ட்டை நாமே கிழிச்சா நாளைக்கு எவன் நம்மளைக் கூப்பிடுவான்? மழை விடட்டும். ஒரு தடவை திரும்ப அளந்துட்டுப் பேசலாம்."

"மழை விடற வரைக்கும் அது நிக்காது சார்."

"பள்ளத்துல ஆளில்லையே. வேலை நின்னு எத்தனை நாளாச்சு."

"மோட்டார்க்காரர் இருக்காரு. என் அண்ணி இருக்காங்க. பள்ளத்துல நிக்கிற தண்ணிதான் இப்ப அந்தச் சுவரை முட்டுக்கொடுத்துப் பிடிச்சுட்டிருக்கு. அதையும் மோட்டார் வெச்சு இறைச்சுட்டிருக்காங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த ஃபைலை எடுத்தார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் வாயைத் திறக்காமல் இருந்தே செய்துவிடுகிற கெடுதலுக்குக் கணக்கே கிடையாது. ஷாகிதா தன் இடத்துக்குப் போய், 'கோடையில் நான் கொடுத்த முடிவு தவறு, சுவர் விழும், ஆட்களை விலக்குங்கள்' என்று கம்பெனிக்கும் நகராட்சிக்கும் தன் பெயரிலேயே எழுதி அனுப்பினாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கீழே பிரஸ் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. படியில் இறங்கும்போதே இனி இந்தப் படியில் ஏறப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. அதற்காக வருத்தப்பட அப்போது நேரமில்லை.

மழையில் ஆட்டோக்காரர்கள் வர மறுத்தார்கள். பஸ் ஊர்ந்தது. செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறக்கப் போகிறார்களாம் என்று முன்சீட்டில் யாரோ போனில் படித்துக்கொண்டு வந்தார்கள். பழைய பெருவெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு வந்தாலே இந்தப் பக்கத்து ஜனங்கள் வாயடைத்துப் போவார்கள்.

பள்ளத்தின் விளிம்பில், கிழிந்த பாலிதீன் ஷீட்டுக்குக் கீழே மோட்டார்க்காரர் பால்ராஜ் குந்தியிருந்தார். ஆவடிப் பக்கத்து ஆள். அவளைக் கண்டதும் பீடியை மறைத்தார்.

"அண்ணாத்தே, மோட்டாரை நிறுத்திட்டு ரோடாண்ட போயிருங்க. இங்க நிக்காதீங்க."

"இன்னாக்கா நீ? தண்ணி நின்னா மொதலாளி என்னை உண்டில்லன்னு பண்ணிடுவாரு. நீதான இது கல்லுன்னு எய்திக் குட்த்தியாம்?"

"நான்தான். தப்பா எழுதிட்டேன்."

பால்ராஜ் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, பீடியைக் காலால் நசுக்கினார். "மோட்டாரை நிறுத்தறது என் கையில இல்லக்கா. நான் வோணா ரோட்டாண்ட போய் நிக்கறேன்" என்று எழுந்தார். அவள் சுவரை எட்டிப் பார்த்தாள். தண்ணீர்மட்டம் நேற்றைவிட ஓர் ஆள் உயரம் இறங்கியிருந்தது. சுவரில் எங்கேயும் விரிசல் இல்லை, மண் உதிரவில்லை. வழுவழுவென்று, ஈரமாக, அமைதியாக நின்றது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஜரினா வெள்ளைச் சேலையில் தொழுகை விரிப்பான முசல்லாவில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணிமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஷாகிதா சொல்வதை முழுக்கக் கேட்டாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"வர்ற வழியில பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட போன்ல கேட்டுட்டேன் அண்ணி. ஊடு விழும்னு பயம் இருந்தா இத்தாவுல கீறவங்க வேற ஊட்டுக்குப் போலாமாம். அங்கயே மீதியை முடிக்கலாமாம்."

"அது எனக்கும் தெரியும். ஆனா பயம் நெசமா இருக்கணும்ல."

"நெசம்தான் அண்ணி."

ஜரினா அவளைக் கிட்டே இழுத்து, நனைந்த தலையை முந்தானையால் துடைத்தாள்.

"இந்த ஊட்ல உக்காந்துகினு அழுதுகினே கீறேன்னு உனக்குப் பாவமா கீது. அதான் இட்டுனு போகப் பாக்கற. எனக்காகப் பொய் சொல்லாத ஷாகிதா. அந்தப் பாவம் எனக்கு வந்து சேரும்."

"பொய் சொல்லல. கோடையில சொன்னதுதான் தப்பு."

"நீ தப்பா சொல்லமாட்ட. உங்கண்ணன் உன் ஒரு வார்த்தையை நம்பி இந்த ஊட்டை விக்காம வெச்சாரு. 'என் தங்கச்சி கல்லுன்னா கல்லுதான்'னு எத்தினி பேராண்ட சொன்னாரு தெரியுமா?"

ஷாகிதா அந்த முந்தானையை மெல்ல விலக்கினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்த நம்பிக்கையை என்ன செய்வது? எந்த மாதிரியை எடுத்துக் காட்டினால் இவளுக்குப் புரியும்? அலை, வேகம், பசை என்றெல்லாம் ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். ஜரினா பிள்ளை பாடம் ஒப்பிப்பதைக் கேட்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். தரைக்கடியில் மோட்டாரின் துடிப்பு கேட்கிறதா என்று ஷாகிதா காதைக் கூர்மையாக்கினாள். மோட்டார் வெளியே ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஜன்னல் வழியாகச் சத்தம் வந்தது. ஆனால் தரை வழியாக ஒன்றுமே வரவில்லை.

அப்போதுதான் கூடத்துக் கதவோரம் கண் போனது. அண்ணன் வைத்த இடத்திலேயே அந்தக் கல் இருந்தது.

அவள் எழுந்துபோய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சமையலறையிலிருந்து பெரிய எவர்சில்வர் குண்டானில் தண்ணீர் எடுத்துவந்து ஜரினாவின் முன்னால் வைத்தாள்.

"இன்னா பண்ற? அது உங்கண்ணன் வெச்சுகினு இருந்தது. அதை எடுக்காத."

"இந்தக் கல்லு எங்க இருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல அண்ணி?"

"ஊட்டுக்கு அடியில இருந்து."

"நெசமாவே கல்லா இருந்தா இதுக்கு ஒண்ணும் ஆகாது. திரும்ப அங்கயே வெச்சுடறேன். நானும் வாயைத் திறக்கமாட்டேன்."

கல்லைத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஜரினா அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கல்லிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. ஓரத்தில் ஒரு சில்லு கழன்று விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு தோல் உரிவதுபோல ஒரு சுற்று மொத்தமாக விட்டுக்கொடுத்தது. தண்ணீர் மஞ்சளாகக் கலங்கியது. யாரும் அதைத் தொடவில்லை, அசைக்கவில்லை. இரண்டு பெண்கள் இருபுறமும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, கதவைத் தாங்கிய கல் தானாக நடுவில் பிளந்து, சாய்ந்து, குண்டானின் அடியில் குவியலாகப் படிந்தது. ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை.

ஜரினா தண்ணீருக்குள் கையை விட்டாள். விரல்களுக்கிடையில் சேறு வழிந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். அண்ணன் இறந்த அன்றுகூட அவள் முகம் இப்படி ஆகவில்லை.

"இது மேலயா நாங்க படுத்துகினு இருந்தோம்?"

"ஆமா அண்ணி."

"அவருக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது."

ஜரினா எழுந்தாள். புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். குர்ஆனையும் அண்ணனின் கண்ணாடியையும் பையில் வைத்தாள். குண்டானின் மேல்தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் கிடந்த சேற்றை ஒரு துணியால் மூடித் தன் கையிலேயே எடுத்துக்கொண்டாள். வாசல் கதவு திறக்க மறுத்தது. இருவரும் தோள்கொடுத்து இழுத்தார்கள். நிலை ஒருபக்கம் சரிந்திருந்தது, ஒருவழியாக ஆள் நுழைகிற இடம் கிடைத்தது. நெடுஞ்சாலை டீக்கடையில் நின்ற பால்ராஜிடம் போன் நம்பரைக் கொடுத்து, விளிம்புக்குத் திரும்பிப் போகவே கூடாது என்று ஷாகிதா சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் வெயில் அடித்தது. பூந்தமல்லி வீட்டில் ஜரினா உள்ளறையில் இத்தாவைத் தொடர்ந்தாள். மகன் துபாயிலிருந்து வீடியோவில் வந்து, நிற்கிற வீட்டை விட்டு அம்மாவை ஏன் கிளப்பினீர்கள் என்று அத்தையிடம் கத்தினான். ராஜசேகரன் ஆபீஸ் வாட்ஸப் குழுவிலிருந்து அவளை எடுத்துவிட்டிருந்தார். நகராட்சியிலிருந்து பதிலே இல்லை. கம்பெனி மேனேஜர் மட்டும் போன் செய்து, சுவர் பிரமாதமாக நிற்கிறது, மேடத்துக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். ஷாகிதா ஒருவரோடும் வாதாடவில்லை. ஜன்னலோரம் வைத்த குண்டானைப் பார்த்தாள். ஓரங்களில் சேறு காய ஆரம்பித்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள், அழுந்தவில்லை. காய்ந்துவிட்டால் அது மறுபடியும் கல்தான். கோடையில் இன்னோர் ஆபீசிலிருந்து வந்து சம்மட்டியால் அடித்தால் சத்தம் நன்றாகவே ஓடும். அவள் குண்டானைத் திரும்பத் துணியால் மூடினாள்.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் போன் அடித்தது. பால்ராஜ். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, ஊடு பூட்ச்சிக்கா. மோட்டாரும் உள்ள பூட்ச்சி."

"ஆளுங்க?"

"ஒர்த்தரும் இல்ல. மேனேஜர் அதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் சொவத்தைப் பாத்துட்டுக் கார்ல ஏறிகினாரு. நான் டீக்கடையாண்டதான் கீறேன்."

உள்ளறை வாசலுக்கு ஜரினா வந்து நின்றாள். அந்நிய ஆணோடு பேசக்கூடாது என்பதால் ஷாகிதாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"பெரிய சத்தமா கேட்டுச்சான்னு கேளு."

ஷாகிதா கேட்டாள். லாரிகள் போகிற இரைச்சலுக்கு நடுவே பால்ராஜின் குரல் வந்தது.

"இல்லக்கா. சத்தமே வர்ல. டீ வாங்கத் திரும்பினேன். காசு குட்த்துட்டு இப்டிப் பாக்கறேன், ஊடு இல்ல."

ஷாகிதா போனை வைத்தாள். அண்ணி அழுவாள் என்று எதிர்பார்த்தாள். ஜரினா அழவில்லை. வந்து அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ வராம இருந்திருந்தா," என்றாள், "எனக்கும் கேட்டிருக்காது."